வயல் யாருடையது, பயிர் யாருடையது

கல்லணையில் காவிரி நான்காகப் பிரிகிறது. உபரி வெள்ளத்தை வாங்கிக்கொண்டு கொள்ளிடம் வடக்கே ஒதுங்கிவிடுகிறது. காவிரி, வெண்ணாறு, புது ஆறு மூன்றும் பாசனத்துக்கானவை. புது ஆறு என்று ஊரார் சொல்லும் கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்ந்து 1934-ல் வந்தது. அதுவரை மானாவாரியாகக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கு அதன் வழியாகத்தான் காவிரித் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

டெல்டாவைப் பார்க்க மாசி மாதம் நல்ல மாதம். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். ஆகவே மாசியில் வாய்க்கால்கள் வற்றத் தொடங்கியிருக்கும். பின்தங்கிய சம்பாவும் தாளடியும் அறுவடையில் இருக்கும். முன்னால் அறுத்த வயலில் உளுந்து பச்சை கட்டியிருக்கும். இன்னொரு வயலில் பருத்திக்கு உழவு நடக்கும். ஒரு வருசத்துச் சாகுபடி முழுவதையும் சாலையில் போகிறபோதே பார்த்துவிடலாம்.

ஒரே ஆற்றுத் தண்ணீர் குடித்த மண்ணில் இங்கே ஏன் வாழை, அங்கே ஏன் நெல், அதற்கப்பால் ஏன் தென்னை என்று கேட்டால் மண்வகை, மழை, நீர்வசதி என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதிப் பதில்தான். மீதிப் பதிலை வரப்போரத்தில் கேட்க வேண்டும்: நிலம் சொந்தமா, வாரமா, குத்தகையா? குத்தகையென்றால் எத்தனை வருசத்துக்கு? எழுத்தா, வாய்ப்பேச்சா? இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கல்லணையிலிருந்து பேராவூரணி வரை போனால், கண்ணில் படுகிற ஒவ்வொரு பயிருக்கும் பின்னால் ஓர் ஒப்பந்தம் இருப்பது தெரிகிறது.

திருக்காட்டுப்பள்ளி தாண்டித் திருவையாறு வரை ஆற்றோரமெங்கும் படுகை நிலம். வண்டல் படிந்த, வாழைக்கென்றே அமைந்த மண். பூவன், மொந்தன், ரஸ்தாளி என்று சாலையின் இருபுறமும் தொடர்கிறது. கன்று நட்டு, தார் போட்டு, வெட்டுவதற்கு ஏறக்குறைய ஓராண்டு. ரகத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு மாதம் கூடும். ஒரு போகத்துக்கு மட்டும் நிலம் வாங்கி வாழை வைக்க முடியாது. அதனால் படுகைக் குத்தகை நெல்வயல் குத்தகையைவிட நீளமானது.

அந்த நீளம் எவ்வளவு என்பதை வாழையின் அடியைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். குத்தகை இன்னும் ஒரு வருசம் உண்டு என்ற உறுதி இருந்தால் தாய்மரத்தின் பக்கத்தில் திடமான ஒரு கன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அவ்வப்போது வெட்டி எறிவார்கள். அந்தக் கன்றுதான் மறுதாம்பு. நடவுச் செலவு இல்லாத அடுத்த விளைச்சல். முதல் தாரோடு நிலத்தை விட்டுவிட வேண்டும் என்றால் எந்தக் கன்றை விடுவது என்ற யோசனைக்கே வேலையில்லை. போடுகிற உரம் முழுவதும் அந்த ஒரு தாருக்குத்தான். மண்ணுக்கென்று தொழுவுரம் அடிப்பதற்கும் காரணம் குறைந்துபோகிறது, ஏனென்றால் தொழுவுரத்தின் பலன் ஒரே பயிரில் தீர்ந்துபோவதில்லை. அடுத்து வருகிறவருக்குப் போகப்போகிற பலனுக்கு இவர் எதற்குப் பணம் போட வேண்டும்?

குத்தகைக்காரர்கள் இலைவாழைக்குப் போவதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. தாருக்குக் காத்திருந்தால் வருசக் கடைசியில்தான் காசு. இலை சில மாதங்களிலேயே வெட்டுக்கு வந்துவிடும், வெட்ட வெட்டக் காசு கையில் புரளும். நில உடைமையாளருக்குத் தவணை கட்ட வேண்டியவருக்கு அந்தக் காசோட்டம் முக்கியம். சித்திரை, வைகாசியில் சூறைக்காற்று அடித்து மரம் சாய்ந்தால் சொந்த நிலக்காரருக்கு ஒரு வருச வருமானம் போகும். குத்தகைக்காரருக்கு வருமானமும் போய், கொடுக்க வேண்டிய குத்தகையும் அப்படியே நிற்கும்.

பாபநாசம் வட்டத்துக்குள் நுழைந்ததும் வாழையின் நடுவே அடர்ந்த, உயரமான பச்சைச் சுவர்கள் போலக் கொடிக்கால்கள் தென்படுகின்றன. ராஜகிரி, பண்டாரவாடை, ஆவூர்ப் பக்கத்து வெற்றிலை கும்பகோணம் வெற்றிலை என்ற பெயரில்தான் சந்தைக்குப் போகிறது. 2025-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்காலுக்குள் நுழைந்தால் வெளியில் இருக்கும் வெயில் தெரியாது. முதலில் அகத்தியை விதைத்து, அது எழும்பிய பிறகு கொடியை நட்டு, வளர வளர அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கொடி எட்டாத உயரம் போனதும் இறக்கி, சுருட்டி, மண்ணுக்குள் பதித்து மறுபடி ஏற்ற வேண்டும். நட்ட சில மாதங்களுக்குப் பிறகே கிள்ளத் தொடங்கலாம். அதற்கப்புறம் இரண்டு, மூன்று வருசம் கவுளி கவுளியாக எடுக்கலாம். எல்லாம் கைவேலை, அன்றாட வேலை.

கொடிக்கால் வைப்பவர்களில் குத்தகைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது முதலில் வியப்பாக இருக்கும். இத்தனை முதலீட்டைப் பிறர் நிலத்தில் எப்படிப் போடுகிறார்கள்? இங்கே பயிரே குத்தகையின் காலத்தைத் தீர்மானித்துவிட்டது. மூன்று வருசத்துக்குக் குறைந்து கொடிக்காலுக்கு நிலம் கேட்பதில் பொருளில்லை என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். வாடல், அழுகல் நோய்கள் வந்தபின் அதே இடத்தில் தொடர்ந்து கொடி வைப்பதும் நல்லதல்ல. கொடிக்கால் இடம் மாறியே ஆக வேண்டும். நிலம் கொடுத்தவர் மறுபடி நெல்லுக்கோ வாழைக்கோ திரும்புகிறார், கொடிக்கால்காரர் புதிய நிலம் தேடுகிறார். இருவருக்கும் பொருந்துகிற இப்படியான ஏற்பாடு டெல்டாவில் வேறு பயிர்களுக்கு அதிகம் அமையவில்லை.

கும்பகோணத்தைச் சுற்றிலும் நிலத்தின் கதை கோயில்களின் கதையாகவும் மடங்களின் கதையாகவும் மாறுகிறது. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. அதில் கணிசமான நன்செய் காவிரிப் படுகையில் இருக்கிறது. திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்களின் பெயர் பல ஊர் நிலக்கணக்கில் வரும். தனியார் பண்ணைகளும் இதே அளவில் இருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரு வேலி என்றால் இருபது மா, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு; நூறு வேலி, ஆயிரம் வேலி என்று பேசுவது இங்கே சாதாரணம்.

அந்தக் காலத்தில் வாரத்துக்கு உழுதவருக்குக் களத்துமேட்டில் மிஞ்சியது சொற்பம். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் இயக்கத்தின் அழுத்தத்தில், 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வாரதாரருக்கு விளைச்சலில் 40 சதவீதமாவது கிடைக்க வேண்டும் என்றது அது. 1955-ல் சாகுபடிதாரரை வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம். தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திப் பிறர் நிலத்தில் பயிரிடுபவர்தான் அதன் கண்ணில் சாகுபடிதாரர். 1956-ல் நியாய வாரச் சட்டம் நன்செய்யில் உடைமையாளருக்குக் கொடுக்க வேண்டியதை விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்தது. பின்னால் வந்த திருத்தம் அதைக் கால் பங்காகக் குறைத்தது. 1969-ல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யவே ஒரு தனிச் சட்டம் வந்தது.

இந்தச் சட்டங்கள் பெற்றுக் கொடுத்தவை சிறியவை அல்ல. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே வயலில் இரண்டு, மூன்று தலைமுறையாக நிலைத்திருப்பது இவற்றால்தான். ஆனால் இவற்றின் நிழலிலேயே இன்னொரு பழக்கமும் வளர்ந்தது. பதிவு செய்துவிட்டால் நிலம் திரும்ப வராது என்று பயந்த உடைமையாளர்கள் எழுத்தையே தவிர்த்தார்கள். சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஊரிலுள்ள தெரிந்தவர் மூலம் ஒரு போகத்துக்கு, மிஞ்சினால் ஒரு வருசத்துக்கு, வாய்ப்பேச்சாக நிலத்தைக் கொடுக்கின்றன. சில இடங்களில் ஆள் வேரூன்றிவிடக் கூடாதென்று அடுத்த வருசம் ஆளையே மாற்றிவிடுகிறார்கள். பாதுகாக்க வந்த சட்டத்துக்குப் பயந்தே பாதுகாப்பில்லாத குத்தகை பெருகியிருக்கிறது. இதில் உழுபவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கோயில் நிலத்தில் நிலைமை வேறு. ஐந்து வருசத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. நடைமுறையில் தகப்பனுக்குப் பின் மகன் என்று தொடர்கிறது. பாக்கி சேர்ந்தால் வருவாய் நீதிமன்றத்தில் வழக்கு. நன்செய்யைத் தோப்பாக்குவதென்றால் நிர்வாகத்தின் அனுமதிக்குப் போக வேண்டும். அதனால் கோயில் வயல் பெரும்பாலும் நெல்வயலாகவே இருக்கிறது. கோயிலிடமிருந்து எடுத்தவர் இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தால், உண்மையில் சேற்றில் நிற்பவர் கையில் ரசீதும் கிடையாது, உரிமையும் கிடையாது.

மன்னார்குடி சாலையில் நெல் ஆட்சி செய்கிறது. ஊருக்கு ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம். மாசியில் அதன் முற்றத்தில் நெல் அம்பாரமாகக் குவிந்திருக்கும். தார்ப்பாய் போர்த்திய குவியல்களின் பக்கத்திலேயே கட்டில் போட்டுக் காவல் படுத்திருப்பார்கள். தூற்றும் இயந்திரத்தின் இரைச்சல், பறக்கிற பதர், ஈரப்பதக் கருவியில் ஒரு கை நெல்லைப் போட்டுவிட்டு எண்ணைப் பார்க்கிற முகங்கள். அனுமதி 17 சதவீதம்; பனியும் மழையும் சேர்ந்த வருசங்களில் மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வரும். 40 கிலோ சிப்பங்களாகத் தைத்து லாரியில் ஏறும் வரை விவசாயிக்கு நிம்மதி இல்லை. 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய்.

குத்தகைக்காரர் ஏன் நெல்லை விடமாட்டேன் என்கிறார் என்பதற்கான விளக்கம் இந்த முற்றத்தில்தான் இருக்கிறது. ஊர்க்கணக்கில் குத்தகை பல இடங்களில் இன்னும் நெல்லில்தான் பேசப்படுகிறது: மாவுக்கு இத்தனை மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ. ஒரு கணக்குக்கு ஏக்கருக்கு 30 மூட்டை விளைந்ததாக வைத்துக்கொள்வோம். அது 18 குவிண்டால், சாதாரண ரகமென்றால் 45,000 ரூபாய். சட்டப்படியான கால் பங்கு ஏழரை மூட்டை, 11,250 ரூபாய். மீதியில்தான் உழவு, விதை, நடவு, உரம், அறுவடை வண்டி வாடகை எல்லாம். வாய்ப்பேச்சுக் குத்தகையில் அந்தக் கால் பங்கு வரம்பை எடுத்துக் காட்ட யாரும் இல்லை. கடனே நெல்லாக இருக்கும்போது வேறு பயிர் வைப்பது இரட்டை ஆபத்து. அந்தப் பயிர் விலை போகாவிட்டால், காசு கொடுத்து நெல் வாங்கிக் குத்தகை அளக்க வேண்டும். நெல்லுக்கு மட்டுமே அரசின் உறுதியான விலையும் வாசலுக்குப் பக்கத்தில் கொள்முதலும் இருக்கின்றன. காய்கறிக்கோ எள்ளுக்கோ அப்படி யாரும் காத்திருப்பதில்லை.

வாரம் என்றால் கதை சற்று மாறும். விளைந்ததில் பங்கு என்பதால் நட்டத்திலும் இருவருக்கும் பங்கு. ஆனால் எந்த ரகம், எப்போது நடவு என்று சொல்வதில் உடைமையாளரின் குரல் கூடிவிடும். குத்தகையில் முடிவு உழுபவருடையது, ஆபத்தும் அவருடையது மட்டுமே.

அதே கொள்முதல் நிலையத்தில் இன்னொரு சிக்கலும் நிற்கிறது. நெல் போட சிட்டா, அடங்கல் வேண்டும். சிட்டா உடைமையாளர் பெயரில். அடங்கலில் பயிரிட்டவர் பெயரைக் கிராம நிர்வாக அலுவலர் எழுதினால்தான் குத்தகைக்காரர் தன் நெல்லைத் தன் பெயரில் போட முடியும். கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு இரண்டுக்கும் அதே தாள்தான். தன் பெயருக்குப் பதில் குத்தகைக்காரர் பெயர் ஏறுவதை உடைமையாளர் பலர் விரும்புவதில்லை. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் வருசத்துக்கு 6,000 ரூபாய் உதவியும் நிலம் யார் பெயரிலோ அவர் கணக்குக்குத்தான் போகிறது. கூட்டுறவுக் கடன் கிடைக்காதவர் உரக்கடையிலும் நெல் வியாபாரியிடமும் கைமாற்று வாங்குகிறார். கடன் கொடுத்த வியாபாரி எந்த ரகத்தை வாங்குவாரோ அதைத்தான் விதைக்க முடியும். பயிர்த் தேர்வு இப்படி நிலத்திலிருந்து நழுவிக் கடைத்தெருவுக்குப் போய்விடுகிறது.

தண்ணீரும் இதே வரிசையில் நிற்கிறது. 110 நாளில் அறுக்கிற ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுவை ரகங்களை நம்பி நட வேண்டுமென்றால் அணை நேரத்தில் திறக்க வேண்டும், இல்லையென்றால் ஆழ்குழாய்க் கிணறு வேண்டும். 2022-ல் மே 24-லேயே மேட்டூர் திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் போடுவதும் இலவச மின் இணைப்பும் நிலத்தின் உடைமையாளரால் ஆகிற காரியம். இந்த வருசம் மட்டும் வயலில் நிற்கிற குத்தகைக்காரர் பிறர் நிலத்தில் போர் போடுவாரா? பக்கத்து போரிலிருந்து தண்ணீரை விலைக்கு வாங்குகிறார், கட்டுப்படியாகாவிட்டால் குறுவையை விட்டுவிட்டு ஒரு போகம் சம்பாவோடு நின்றுகொள்கிறார். அணை தாமதமான வருசத்தில் ஒரு வயல் பச்சையாகவும் அடுத்த வயல் தரிசாகவும் கிடப்பதற்குச் சோம்பல் காரணமில்லை.

நெல்லுக்குப் பின் உளுந்து. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற கதிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். பனி ஈரத்திலேயே முளைத்து, 70 நாள் சொச்சத்தில் காய்த்துவிடும். உழவில்லை, பெரிய உரச் செலவில்லை. குத்தகைக் காலத்துக்குள் அடங்குகிற, கையைக் கடிக்காத பயிர் இதைவிட வேறில்லை. ஆனால் அறுவடைக்குப் பெல்ட் வண்டி வந்தபின் அதன் தடம் பட்ட இடமெல்லாம் முளை நசுங்கிப்போகிறது. ஆள் வைத்து அறுக்கக் கூலி கட்டாது. அதனால் உளுந்துக்குப் பதில் பருத்திக்குப் போனவர்கள் திருவாரூர் மாவட்டத்தில் பலர். குடவாசல், வலங்கைமான், நன்னிலம் பக்கம் மாசி, பங்குனியில் பருத்தி விதைப்பு நடக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம். 2022-ல் குவிண்டால் 10,000 ரூபாயைத் தாண்டிய விலை அடுத்த வருசமே சரிந்தது. பருத்தி கடைசிப் பறிப்பு வரை நிற்க ஆடி ஆகிவிடும். குத்தகை ஆனியோடு முடிகிறது என்றால் வெடிக்காத காயோடு செடியை அழித்துவிட்டு வெளியேற வேண்டியிருக்கும். விலையைப் போலவே தேதியும் பருத்திக்காரரை அச்சுறுத்துகிறது.

வாய்ப்பேச்சுக் குத்தகையை எழுத்துக்குக் கொண்டுவர வேறு மாநிலங்கள் முயன்றிருக்கின்றன. ஆந்திரத்தில் 2019-ல் வந்த சாகுபடிதாரர் உரிமைச் சட்டம் 11 மாத ஒப்பந்தத்துக்கு ஓர் அட்டை கொடுக்கிறது. அதற்கு உடைமையாளர் கையெழுத்து வேண்டும், அங்கேதான் அது தடுக்கி நிற்கிறது. மேற்கு வங்கத்தில் 1978-ல் தொடங்கிய பர்கா இயக்கம் வேறு விதமாகப் போனது. அதிகாரிகள் கிராமத்துக்கே வந்து, ஊர் நடுவில் மாலைக்கூட்டம் போட்டு, 14 லட்சம் அளவுக்கு வாரதாரர்களின் பெயரைப் பதிவு செய்தார்கள். அங்கே விளைச்சல் கூடியதில் இந்தப் பதிவுக்கும் பங்குண்டு என்று பொருளாதார ஆய்வாளர்கள் பின்னால் கணக்கிட்டுக் காட்டினார்கள். பெயர் எழுதப்பட்டவர் மண்ணில் முதலீடு செய்கிறார். தமிழ்நாட்டின் 1969 சட்டமும் காகிதத்தில் அதற்கான இடத்தைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அதைக் களத்துக்குக் கொண்டுபோகிற மனம் வேண்டும்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கம். மறைந்த நெல் ஜெயராமன் 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கிய ஊர். விதையை இலவசமாகக் கொடுத்து, இரண்டு மடங்காகத் திருப்பி வாங்கிப் பிறருக்குக் கொடுத்த அந்த இயக்கத்தால்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கருப்புக் கவுனியும் மறுபடி பேச்சில் வந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடிச் சேர்த்த ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானார்.

இந்த ரகங்களை விரும்புகிற குத்தகைக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா நாள் அதிகம் எடுக்கும், உயரமாக வளர்ந்து சாயும், ஏக்கருக்கு மூட்டை குறையும். நல்ல விலை கிடைக்கிறதென்றாலும் அந்த விலை கொள்முதல் நிலையத்தில் கிடைக்காது. தானே அரிசியாக்கி, வாங்குவோரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கும் மேல் இயற்கை விவசாயச் சான்று. ஆண்டுப் பயிருக்கு அந்த நிலம் இரண்டு வருசம் மாறுதல் காலத்தைக் கடந்தாக வேண்டும். ஒரு வருசக் குத்தகையில் நிற்பவர் இரண்டு வருசம் குறைந்த விளைச்சலைத் தாங்கி மண்ணைச் சுத்தமாக்கிவிட்டு, சான்று வருகிற நேரத்தில் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். தக்கைப்பூண்டு விஷயமும் இதேதான். 2024-25 முதல் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் உர விதையை அரசு மானியத்தில் தருகிறது. விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழ 45 நாள் வயலைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். குறுவைக்கு முன் அந்த 45 நாள் குத்தகைக் கணக்கில் வருமா, வராதா என்பதுதான் விதை வாங்கப்போகும் குத்தகைக்காரரின் முதல் கேள்வி. யூரியாவைக் கொட்டி மண்ணைக் கெடுக்கிறார்கள் என்று மேடையில் பேசுவோர் இந்த 45 நாளைப் பற்றியும் பேச வேண்டும்.

கடலோரத்தில் நிலத்தின் குத்தகை இன்னொரு பாதையில் போனது. 1990-களில் நாகப்பட்டினம் கரையோரம் இறால் பண்ணைகளுக்காக நெல்வயல்கள் கைமாறின. குத்தகைக்கு விட்டவருக்கு நெல்லில் கிடைத்ததைவிடப் பல மடங்கு. அந்த வயல்களில் நடவுக்கும் களைக்கும் போய்வந்த பெண்களுக்கு வேலையே இல்லாமல் போனது, பக்கத்து வயலுக்கு உப்பு ஏறியது. காந்தியத் தம்பதியரான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நடத்திய போராட்டம் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. கூத்தூரில் அவர்கள் நடத்திய லாப்டி அமைப்பு நிலமில்லாத குடும்பங்களின் பெண்கள் பெயரிலேயே நிலத்தை எழுதி வைத்தது.

முத்துப்பேட்டை தாண்டிப் பட்டுக்கோட்டைக்கு வந்ததும் வயல் மறைகிறது. எங்கும் தென்னை. பேராவூரணி வரை இப்படியே. புது ஆற்றின் கடைமடை இது. தண்ணீர் சில வருசம் வரும், சில வருசம் வராது. அதனால் போர் போட்டுத் தென்னைக்கு மாறினார்கள் என்பது ஒரு காரணம். நெட்டை ரகம் காய்க்க ஐந்திலிருந்து ஏழு வருசம் ஆகும், காய்க்கத் தொடங்கினால் அறுபது வருசத்துக்கு மேலும் நிற்கும். இப்படியொரு மரத்தைச் சொந்த நிலத்தில் மட்டும்தான் நட முடியும். பட்டா யார் பெயரில் என்று கேட்கவே தேவையில்லாத ஊர்கள் இவை. நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் ஊரைவிட்டுப் போகிறவருக்கும் தென்னை வசதி. உழவும் நடவும் இல்லாத மரத்தோப்பை ஒரு காவலாளே பார்த்துக்கொள்வார். இன்று தோப்பாக இருக்கும் சில நிலங்கள் முன்பு யாரோ ஒருவர் குத்தகைக்கு உழுத வயல்கள்.

தோப்பிலும் குத்தகை உண்டு. காய் வியாபாரி வருசக் கணக்கில் மகசூலை மட்டும் எடுப்பார். தேங்காய் அவருடையது, மரம் அவருடையதல்ல. ஆகவே உரமும் பூச்சி மேலாண்மையும் உடைமையாளர் செய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது இந்தத் தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அரசு மரத்துக்கு 600 ரூபாயும் அப்புறப்படுத்த 500 ரூபாயும் ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. எண்ணிக்கை மரத்துக்கு என்பதால் நிவாரணம் மரத்துக்கு உரியவரைச் சேர்ந்தது. தோப்பின் இடைவெளியில் பயிர் வைத்திருந்தவரும், தேங்காய் உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவர்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. பல தலைமுறைக்குப் பிறகு வெட்டவெளியாகிப்போன நிலத்தில் மறுபடி தென்னங்கன்றையே நட்டார்கள்.

கன்று சிறியதாக இருக்கும் சில வருசங்களுக்கு இடைவெளியில் நல்ல வெயில் விழும். நிலமில்லாதவர்கள் அந்த வரிசைகளுக்கு நடுவே கடலை, உளுந்து, வாழை வைத்துக்கொள்ள இடம் கேட்கிறார்கள். களை கட்டுப்படும், கன்றுக்கும் தண்ணீர் கிடைக்கும் என்பதால் தோப்புக்காரரும் சம்மதிக்கிறார். இந்தக் குத்தகைக்கும் தாளில்லை. மட்டைகள் விரிந்து ஒன்றோடொன்று தொடத் தொடங்கினால் உளுந்து பூக்காது, ஊடுபயிர்க்காரர் வேறு இளந்தோப்பு தேடிப் போக வேண்டியதுதான். கஜாவுக்குப் பின் நட்ட கன்றுகளில் பல இப்போது அந்தப் பருவத்தில் நிற்கின்றன. அந்த வரிசைகளில் கடலை போட்டுக்கொண்டிருப்பவர்கள் சித்திரைக்குள் அடுத்த இடத்தைப் பேசி முடிக்க வேண்டும்.